புதுப்பிப்பு: கம்போடியா வந்துவிட்டோம்

கம்போடியாவில் ஊழியத்துக்கு அழைப்பு, ஆனால் அத்தை அழுகிறார்கள், மகளுக்குப் பள்ளி மாறணும், போகலாமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். ஜெபித்தவர்களுக்கும், "அவசரப்படாதீங்க" என்று கடிந்தவர்களுக்கும் நன்றி.

புனோம் பென் வந்து நான்கு மாதம். ஊழியம் என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஒன்றுமில்லை. தினமும் கெமர் மொழி வகுப்புதான். பல்லவர் எழுத்திலிருந்து பிறந்த எழுத்தாச்சே, நமக்குச் சுலபம் என்று நினைத்தேன். மெய்யெழுத்தே 33! ஒன்றின் காலடியில் இன்னொன்றைத் தொங்கவிடுகிறார்கள். உயிரொலிகளில் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. சந்தையில் எனக்காகப் பேரம் பேசுவது மகள்தான்.

அப்புறம் அத்தை. புறப்பட்ட அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே வந்து பெட்டியைத் திறந்தால், வேதாகமத்துக்கு அடியில் ஒரு கிலோ ரசப்பொடி.