அப்பா மாத்திரை – நம்ம வீட்டு குரூப்

பெரியண்ணன் (ஓசூர்): அப்பாவுக்கு என்னாச்சு? அம்மா போன்ல அழுவுறாங்க

நான்: விடிகாலைல வேர்த்து ஊத்திருச்சுண்ணா, கை நடுக்கம், பேச்சு கொழறுது. குத்திப் பாத்தா சுகர் 58. சர்க்கரைத் தண்ணி குடுத்து கால் மணி நேரம் கழிச்சு 96, அப்புறம் இட்லி சாப்ட்டாரு. இப்ப தெளிவா பேசுறாரு

சின்னக்கா (பாலக்கோடு): சுகர் ஏறிரும்னு ராத்திரில அரை வயித்துக்குதான் சாப்புடுறாரு அதான்

நான்: அதுவும்தான்க்கா. ஆனா போன மாசம் கிட்னிக்கு எடுத்த ரத்த டெஸ்ட்டுல கிரியேட்டினின் 1.9 வந்துச்சில்ல, அவரு வயசு 71, கணக்குப் போட்டா கிட்னி எவ்ளோ வடிகட்டுதுன்னு காட்டுற அளவு (eGFR) 37தான் வருது. கிட்னி மெதுவானா அவரு போடுற சுகர் மாத்திரை கிளிமெபிரைடு ஒடம்புலயே தங்கி சுகர இறக்கிட்டே இருக்கும். இன்னொரு சுகர் மாத்திரை மெட்பார்மினையும் அந்த அளவு 45க்கு கீழ போனா பாதியா குறைப்பாங்க, 30க்கு கீழன்னா நிறுத்திடுவாங்க. இவரு இன்னும் பழைய டோஸ்லயே இருக்காரு

மாமா (பாலக்கோடு): பெரிய பெரிய டாக்டருங்க எழுதுனதும்மா, நாம எப்படி குறை சொல்றது

நான்: அவங்கவங்க நோய்க்கு சரியாதான் எழுதிருக்காங்க மாமா. சுகருக்கு ஒருத்தர், பிபிக்கு ஒருத்தர், முட்டிக்கு ஒருத்தர், மூணு சீட்டையும் ஒண்ணா வச்சுப் பாத்தவங்கதான் யாருமில்ல. இன்னிக்கு எல்லா அட்டையையும் கட்டில்ல கொட்டிப் பாத்தேன், வீட்டுக்கு வந்து குடுக்குற பிபி மாத்திரைல அம்லோடிபின் இருக்கு, தனியார்ல வாங்குறதுலயும் அதே அம்லோடிபின் டெல்மிசார்டனோட சேந்து இருக்கு, பேரு வேற வேறன்னு ரெண்டையும் போடுறாரு. கால் வீங்கறது அதனாலயும் இருக்கலாம், அந்த வீக்கத்துக்குன்னு நீர் மாத்திரை வேற சேத்துருக்காங்க

பெரியண்ணன்: மக்களைத் தேடி மருத்துவத்துல குடுக்குறதா? 2021ல இங்க சாமனப்பள்ளிலதான ஆரம்பிச்சாங்க, எங்க தெருவுக்கும் கரெக்டா வர்றாங்களே

நான்: ஆமாண்ணா அதேதான், பாவம் மாத்திரை கொண்டாந்து குடுக்குற அந்தம்மா மேல தப்பே இல்ல. வெளிய வாங்குறத அப்பா அவங்ககிட்ட சொன்னதே இல்ல

நான்: எனக்கு ரொம்ப பயமா இருக்கறது முட்டி வலிக்கு கடைல கேட்டு வாங்குற டைக்ளோபினாக்தான். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, அதோட இது, மூணும் சேந்தா கிட்னிக்கு ரத்தம் போறதே கம்மியாயிரும்

சின்னக்கா: வலி தாங்காம போடுறாருடி. ஒகேனக்கல் தண்ணி 2013லதான வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஆயுசு பூரா போர் தண்ணி, ஃப்ளோரைடு எலும்புல எறங்கியிருக்கும்

நான்: வலி நெசம்தான்க்கா, நான் இல்லங்கல. கிட்னிய கெடுக்காத மாத்திரை எதுன்னு டாக்டர்கிட்ட கேப்போம், அதுவரைக்கும் ஒத்தடம் குடுக்குறேன்

பெரியண்ணன்: சரி இப்ப என்ன பண்ணலாம் சொல்லு

நான்: சுகர் டாக்டருக்கு போன் பண்ணிட்டேன், இன்னிக்கு கிளிமெபிரைடு வேணாம், நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா குத்திப் பாரு, திரும்ப இறங்குனா உடனே கூட்டியாந்துருன்னாரு. நாளைக்கு காலைல தர்மபுரி மெடிக்கல் காலேஜ் பொது மருத்துவம் ஓபிக்கு போலாம். எல்லா அட்டை, ரிப்போர்ட்டு, கடை மாத்திரை, பக்கத்து வீட்டு ஆயா குடுத்த சூரணம் எல்லாம் ஒரே பைல போட்டு அப்படியே டாக்டர் மேசைல வெக்கணும். எதை விடணும் எதை குறைக்கணும்னு ஒரே ஆளு ஒரே சீட்டுல எழுதித் தரட்டும், அந்தச் சீட்டு போட்டோவ மத்த டாக்டருங்களுக்கும் வீட்டுக்கு வர்ற அந்தம்மாவுக்கும் காட்டிரலாம். பிபி மாத்திரைய நாமளா நிறுத்த வேணாம்

பெரியண்ணன்: லீவு சொல்லிட்டேன். ஏழு மணிக்கு காரோட பென்னாகரம் வந்துர்றேன்

சின்னக்கா: வலி மாத்திரைய தலகாணி ஒறைக்குள்ள வச்சிருப்பாரு, அங்க பாத்தியா

நான்: ரெண்டு அட்டை இருந்துச்சுக்கா. எடுத்து பைல போட்டுட்டேன்