மறு: டயர்க் கையேட்டுக்கு ஒரு சொல் – உருளுராய்வா, உருள்தடையா, உருளிழப்பா?

வணக்கம்.

நாம் சேர்ந்து எழுதும் மலைச்சைக்கிள் டயர்க் கையேட்டுக்குத் தேடிய தமிழ்ச் சொற்களில் மற்றவை ஏறக்குறைய முடிந்துவிட்டன. ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. டயர் உருளும்போது நம் மிதியில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடுகிறதே, அதற்கு என்ன பெயர்? இந்தக் கையேடு பந்தயக்காரர்களுக்கு அல்ல. காவேரிப்பட்டணத்தில் கிளம்பி, கொஞ்சம் தார்ச்சாலை, கொஞ்சம் கால்வாய்க் கரை, மாந்தோப்புகளுக்கு நடுவே கொஞ்சம் வண்டித்தடம் என்று பாரூர் ஏரிவரை நிதானமாகப் போய்த் திரும்புகிறவர்களுக்கு. அவர்களுடைய சைக்கிளில் வாங்கும்போதே வந்த பட்டன் டயர், அதாவது மேலே குமிழ் குமிழாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும் டயர், இருக்கிறது. அதைவிட இலகுவாக ஓடும் டயர் எது என்று கேட்கிறார்கள். நாம் வைக்கும் பெயர் அந்தக் கேள்விக்கு உதவ வேண்டும். நீங்கள் எழுதிய யோசனைகளை எடுத்துப்போட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> பள்ளிப் பாடநூலில் ‘உருளும் உராய்வு’ என்று இருக்கிறது. அதையே சுருக்கி ‘உருளுராய்வு’ என்று வைத்தால் மாணவர்களுக்கும் புரியும். புதிதாக எதற்கு?

ஆசிரியர் ஐயா, பாடநூலோடு முரண்படக் கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் டயர் விஷயத்தில் இந்தச் சொல் வாங்குகிறவரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. உராய்வு என்றதும் மனம் டயரும் சாலையும் ஒன்றோடொன்று தேய்கிற இடத்துக்குப் போகும். உடனே தேய்கிற பரப்பைக் குறைக்கத் தோன்றும். ஒல்லி டயர் வாங்கு, காற்றை முடிந்த மட்டும் ஏற்று. நம் பக்கத்தில் நடப்பது இதுதான். 2.1 அங்குல டயருக்குக் கம்ப்ரஸரில் காற்றடித்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். விரல் அமுங்கினால் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் அடிப்பார்கள்.

இழப்பு பெரும்பாலும் நடப்பது மேற்பரப்பில் அல்ல, ரப்பருக்கு உள்ளே. ஒரு ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். அது ஒரு மீட்டருக்குத் திரும்பி வராது. அமுக்கியபோது வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியைச் சூடாக்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கிறது. டயரும் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகி, விலகும்போது மீண்டும் வளைகிறது. ஒவ்வொரு சுற்றிலும், டயரின் ஒவ்வொரு பகுதிக்கும் இது நடக்கிறது. பட்டன் டயர் என்றால் கூடவே ஒவ்வொரு பட்டனும் தனியாகச் சாய்ந்து நிமிர்கிறது. தாரில் போகும்போது அடியிலிருந்து ‘பொர்ர்’ என்று ஓர் இரைச்சல் கேட்கிறதல்லவா? பட்டன்கள் ஒவ்வொன்றாகத் தாரில் பட்டுச் சாய்ந்து நிமிர்வதால் வருவது அது. அந்த இரைச்சலுக்கும் நாம்தான் மிதிக்கிறோம்.

இழப்பு பரப்பிலா, உள்ளேயா என்பது அறிவியலாளர்களுக்கே ஒரு காலத்தில் விவாதமாக இருந்தது. 1876இல் பிரிட்டிஷ் பொறியியலாளர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ், உருள்வதில் உண்டாகும் தடைக்குத் தொடும் பரப்பில் நிகழும் சிறு நழுவலே காரணம் என்று எழுதினார். 1950களில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இயற்பியலாளர் டேவிட் டேபர், ரப்பரின்மேல் குண்டுகளை உருட்டிச் சோதித்தார். பரப்பில் மசகு தடவினாலும் தடை பெரிதாகக் குறையவில்லை. பரப்புதான் காரணம் என்றால் மசகு பட்டதும் குறைந்திருக்க வேண்டும். ‘உருளுராய்வு’ என்று வைத்தால் நாம் டேபரை விட்டுவிட்டு ரெனால்ட்ஸ் கட்சியில் சேர்ந்துவிடுவோம்.

ரப்பர் இப்படி வாங்கிய ஆற்றலை முழுதும் திருப்பித் தராத குணத்துக்குப் பெயர் தேட வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ‘காந்தத் தயக்கம்’ வருகிறது. அதே ‘தயக்கம்’ ரப்பருக்கும் அப்படியே பொருந்தும். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

> அதியமான் மண்ணில் உட்கார்ந்துகொண்டு சக்கரத்துக்கு ‘கால்’ என்ற பழஞ்சொல்லை விடலாமா? ‘கால்தடை’ என்று வையுங்கள்.

தச்சன் ஒரு திங்கள் உழைத்துச் செய்த தேர்க்காலோடு ஔவை அதியமானை ஒப்பிட்டது தகடூருக்கு, அதாவது இன்றைய தருமபுரிக்கு, பெருமைதான். கால் என்றால் காற்று என்றும் பொருள் உண்டு. காற்றடைத்த சக்கரத்துக்கு இரண்டு வகையிலும் பொருந்தும். ஆனால் இன்று ‘கால்தடை’ என்று எழுதினால் படிப்பவர் முழங்கால் வைத்தியம் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். மன்னிக்கவும் அண்ணா.

> ‘உருள்தடை’ நன்றாக இருக்கிறது. ஆனால் இலக்கணப்படி ‘உருட்டடை’ என்றல்லவா புணர வேண்டும்?

உருட்டடை என்றால் தொட்டுக்கொள்ள அவியல் கேட்பார்கள். கலைச்சொல்லில் இரண்டு உறுப்பும் தனித்தனியாகத் தெரிவது நல்லது என்பது என் கட்சி. உருள்தடை என்றே இருக்கட்டும். ‘தடை’க்கு இரு பொருள் வரும் என்ற குறை உண்டுதான்: ‘மின்தடை’ என்று போட்டால் பாடநூலில் ஒரு பொருள், ‘நாளை மின்தடை’ என்ற நாளிதழ்ச் செய்தியில் வேறு பொருள். அதனாலெல்லாம் ‘தடை’யைத் தள்ளிவைக்க முடியாது.

இருந்தாலும் கையேட்டின் முதன்மைச் சொல்லாக நான் முன்வைப்பது ‘உருளிழப்பு’. ஓசைக்காக அல்ல, கூட்டல் கணக்குக்காக. தாரில் காற்றைக் கூட்டினால் டயர் குறைவாக அமுங்கும், உருளிழப்பு குறையும். அதே காற்றோடு கால்வாய்க் கரையின் கப்பியில் இறங்குங்கள். டயர் கல்லை உள்வாங்காமல் ஒவ்வொன்றின்மேலும் ஏறி விழும். ஆளையும் சைக்கிளையும் சேர்த்து ஒவ்வொரு முறையும் தூக்கிப் போடும். முன்னால் போக வேண்டிய ஆற்றல் தோளிலும் இடுப்பிலும் போய் முடியும். இதை ‘அதிர்விழப்பு’ என்போம். இரண்டும் இழப்பு என்று முடிவதால் படிப்பவர் தானாகவே கூட்டிப் பார்ப்பார். கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவோ அதுதான் சரியான காற்று. ‘உராய்வு’, ‘குலுக்கல்’ என்று இரண்டு சாதிச் சொற்களை வைத்தால் இந்தக் கணக்கு யாருக்கும் தோன்றாது.

எழுபது கிலோ எடையுள்ளவர், டியூப் போட்ட 2.1 அங்குல டயர், நம் கலப்புப் பாதை என்றால் 30 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) நல்ல தொடக்கம். பின்சக்கரத்தில் பாரம் கூடுதல் என்பதால் அதற்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ சேர்க்கலாம். டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு. அதுவரை ஏற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அகல டயர் மெதுவானது என்ற நம்பிக்கையையும் இந்தச் சொல் ஆட்டங்காண வைக்கும். ஒரே காற்றழுத்தத்தில் ஒல்லி டயரும் அகல டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய சமம். ஒல்லி டயருக்கு அது நீளவாக்கில் விழும், அகல டயருக்குக் குறுக்குவாக்கில். நீளமாகத் தொட்டால் டயர் கூடுதலாக வளைய வேண்டும். மற்றது சமமாக இருந்தால் அகல டயருக்குத்தான் உருளிழப்பு குறைவு. டயரைக் கழற்றாமல் காற்றை மட்டும் இறக்கிப் பார்த்தே பலர் நிம்மதி அடையலாம். டயர் விற்பவர்கள் என்னைத் திட்டாமல் இருந்தால் சரி.

கிருஷ்ணகிரியிலிருந்து

———

தருமபுரியிலிருந்து, ஆசிரியர்:

உராய்வை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் இழப்பை மட்டும் வைத்துக்கொண்டு தடையைத் தூக்கி எறிய விடமாட்டேன். தடை என்பது விசை, நியூட்டனில் வரும். நீங்கள் சொல்லும் இழப்பு திறன், வாட்டில் வரும். இரண்டும் வேண்டும்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. சமதளத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர். உருள்தடைக் குணகம், அதாவது எடையில் எத்தனை பங்கு தடையாகிறது என்ற எண், 0.005 என்றால் உருள்தடை 4.2 நியூட்டன், அதை 5ஆல் பெருக்கினால் உருளிழப்பு 21 வாட். குணகம் 0.010 உள்ள டயரானால் 8.3 நியூட்டன், 42 வாட். நிதானமாக மிதிப்பவர் தருவதே ஏறக்குறைய 100 வாட் என்று வையுங்கள். முதல் டயரில் ஐந்தில் ஒரு பங்கும், இரண்டாவதில் ஐந்தில் இரண்டு பங்கும் டயரோடு போகிறது. வேகத்தைக் கூட்டினாலும் உருள்தடை ஏறக்குறைய மாறாது, உருளிழப்பு ஏறும். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் என் மாணவன் தேர்வுத்தாளில் குழம்புவான்.

———

ஓசூரிலிருந்து:

நடுவில் வழவழப்பாகவும் இரு ஓரங்களில் பட்டன்களோடும் வரும் டயருக்கு ‘அரை மொட்டை டயர்’ என்று முன்பு எழுதியிருந்தேன். வீட்டில் சிரித்தார்கள். மொட்டை டயர் என்றால் நம் ஊரில் தேய்ந்துபோன டயர்; அதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? நடுவில் ஓடுவது ஒரு பட்டைதானே, ‘நடுப்பட்டை டயர்’ என்று மாற்றுகிறேன். தாரில் நேராகப் போகும்போது பட்டை உருளும். சரளையில் சாய்ந்து திரும்பினால் ஓரப் பட்டன் பிடிக்கும். முன்னால் சிறு பட்டன் டயர், பின்னால் நடுப்பட்டை டயர் என்று போடுவது என் விருப்பம். முன்சக்கரம் நழுவினால் ஆள் கீழே. பின்சக்கரம் நழுவினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மழை பெய்து செம்மண் சேறானபிறகு நடுப்பட்டையோடு வண்டித்தடத்தில் இறங்க வேண்டாம் என்பதையும் கையேட்டில் போடுங்கள். ஈரமான தார் மட்டும் என்றால் பயமில்லை. சைக்கிள் போகும் வேகத்தில் டயர் தண்ணீர்மேல் மிதக்காது.

———

பாலக்கோட்டிலிருந்து, சைக்கிள் கடை:

ஐயாமார்களே, என் கடைக்கு வருகிறவர்கள் உருள்தடை என்று கேட்க மாட்டார்கள். ‘மிதிக்கக் கனமாக இருக்கிறது’ என்பார்கள். நான் முதலில் டயரைப் பார்ப்பதில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுவேன். பாதிச் சுற்றில் நின்றால் பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறது, அல்லது அச்சில் கிரீஸ் வற்றிவிட்டது. அது ஆசிரியர் ஐயாவின் அசல் உராய்வு. சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் டயர்மேல் சந்தேகம். கையேட்டில் இந்தச் சோதனையை டயர் பகுதிக்கு முன்னால் வையுங்கள். இல்லையென்றால் பிரேக் கட்டையை நகர்த்த வேண்டியவர் இரண்டு டயர் வாங்கிப் போவார். எனக்கு லாபம்தான், ஆனால் மறுவாரம் அவர் வந்து சண்டை போடுவார்.

இன்னொன்று, அளவு. 26 என்று மட்டும் எழுதாதீர்கள். மலைச்சைக்கிளின் 26×1.75 டயரில் 559 என்ற எண் இருக்கும். பழைய சைக்கிள்களின் 26×1⅜ டயரில் 590 இருக்கும். ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. 29 அங்குலமும் 700சியும் பெயரில் வேறாக இருந்தாலும் இரண்டுக்கும் 622. ரிம்மின் அகலம் ஒத்துவந்தால் மாற்றிப் போடலாம். அந்த மூன்று இலக்க எண்ணுக்கு ஒரு தமிழ்ப் பெயர் கொடுத்தால் நான் கடைப் பலகையிலேயே எழுதிவைப்பேன்.

———

கிருஷ்ணகிரியிலிருந்து, மீண்டும்:

கடைக்கார அண்ணன் கேட்ட மூன்று இலக்க எண், டயர் ரிம்மில் படியும் இடத்தின் விட்டம் (மில்லிமீட்டரில்). அதற்கு ‘படிவிட்டம்’ போதும். ஆசிரியர் ஐயா பிரித்தபடியே விசைக்கு உருள்தடை, திறனுக்கு உருளிழப்பு. அதிர்விழப்பு, தயக்கம், நடுப்பட்டை டயர், பட்டன் டயர் ஆகியவற்றையும் சேர்த்துப் பட்டியலை இறுதி செய்கிறேன். சுற்றிவிட்டுப் பார்க்கும் சோதனை முதல் பக்கத்துக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றிவிடுவேன். ஓரப் பட்டனுக்குத் தனிச்சொல் வேண்டுமா என்பதை மட்டும் ஓசூர் நண்பர் சொல்லட்டும்.