வாங்கிய வீட்டில் விட்டுச் சென்ற பொருள்களை அகற்றும் செலவு யாருடையது?

தோட்டப்பாளையத்தார்:

வணக்கம். வேலூர் தோட்டப்பாளையத்தில், சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பழைய மாடி வீடு ஒன்றை அண்மையில் கிரயம் பெற்றோம். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற குடும்பங்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டிருந்த வீடு அது. ஆகையால் ஒவ்வோர் அறை மூலையிலும் கடப்பாக் கல்லில் ஒரு சமையல் மேடை இருக்கிறது. கூடத்தைப் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். மின் இணைப்புகள் மூன்று. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையும், கண்ணாடிக் குழாய்கள் உடைந்துபோன சூரியசக்தி வெந்நீர்க் கலனும் நிற்கின்றன. இவையெல்லாம் நாங்கள் பார்த்து வாங்கியவை.

பார்க்க வாய்க்காதவை இரண்டு. வீட்டைப் பார்வையிட்டபோதெல்லாம் ஒரு மாடி அறை பூட்டியே இருந்தது. திறக்கச் சொன்னதற்கு, சாவி குடியிருந்தவரிடம் இருப்பதாக விற்பவர் சொன்னார். அந்த அறையில் மெத்தைகள், துருப்பிடித்த கட்டில்கள், பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள், செயலிழந்த இன்வெர்ட்டர் பேட்டரிகள் ஆகியவை கூரை முட்ட அடைந்து கிடக்கின்றன. பின்கட்டில் துவைகல்லைப் பெயர்த்தபோது, வெறும் பலகைக் கல் ஒன்றால் மூடப்பட்ட, நீர் வற்றிய ஆழ்துளைக் கிணறு தென்பட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, ‘வீட்டில் இருப்பதெல்லாம் உங்களுக்கே, வைத்துக்கொள்ளுங்கள்’ என்று செய்தி அனுப்பினார். அகற்றும் செலவை அவரிடம் கேட்பது முறை என்று நான் கருதுகிறேன். வேறு கருத்து உடையவர்களும் எழுத வேண்டும்.

சத்துவாச்சாரி வாசி:

முறையன்று என்பது என் உறுதியான கருத்து. பழைய வீட்டுக்கு விலை பேசும்போதே அதை ஒழுங்கு செய்யும் செலவையும் மனத்தில் வைத்துத்தான் எவரும் பேசுகிறார்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வீடு கைமாறும்போது அதன் பூட்டு, சாவி, கதவு, ஜன்னல் ஆகியவற்றோடு, நிலையான பயன்பாட்டுக்காக அதில் அமைக்கப்பட்ட மற்றவையும் வாங்குகிறவருக்குச் சேரும் என்று சொல்கிறது. சமையல் மேடையும் கொட்டகையும் வெந்நீர்க் கலனும் அந்த வகையைச் சேர்ந்தவையே. விற்றவர் அந்தக் கலனைப் பத்திரப் பதிவுக்கு முன்னாள் இரவு கழற்றிக்கொண்டு போயிருந்தால், இதே இடத்தில் அதற்கும் ஒரு முறையீடு வந்திருக்கும். பயன்படுவதென்றால் எனக்கு உரியது, பயன்படாததென்றால் உனக்கு உரியது என்று வாங்குகிறவர் சொல்வதை எந்த நீதியும் ஏற்காது.

ஆற்காட்டுப் பத்திர எழுத்தர்:

சத்துவாச்சாரி நண்பர் 8-ஆம் பிரிவைச் சரியாகவே சொன்னார். ஆனால் அதை வீட்டில் கிடக்கிற எல்லாவற்றின்மீதும் போர்த்திவிட்டார். சுவரோடும் தரையோடும் பிணைந்து, வீட்டின் நிலையான பயனுக்காக இருப்பவை வேறு. தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான்கள் வேறு. மேடை, தடுப்பு, கொட்டகை ஆகியவற்றைப் பொறுத்தவரை தோட்டப்பாளையத்தார் விற்றவரிடம் ஒரு ரூபாயும் கேட்க முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கட்டிலும் மெத்தையும் தொலைக்காட்சியும் அப்படியல்ல. அவை கிரயத்தில் சேரவே இல்லை, இன்றும் விற்றவரின் உடைமைகளே.

‘உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒற்றை வரியால் அவர் கடமை தீர்ந்துவிடும் என்று நினைப்பது தவறு. விலை இல்லாமல் கொடுப்பது தானம். அதே சட்டத்தின் 122-ஆம் பிரிவின்படி, பெறுகிறவர் ஏற்றுக்கொண்டால்தான் தானம் தானமாகும். வேண்டாம் என்று இவர் எழுத்தில் மறுத்துவிட்டால், அந்தப் பொருள்களை எடுத்துச் செல்ல வேண்டியவர் விற்றவரே. மறுக்காமல் இரண்டு கட்டில்களை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துப் போகச் சொன்னால் வாதம் பலவீனமாகும். ஆகவே ஒன்றையும் பயன்படுத்தாமல், படம் எடுத்துப் பட்டியல் எழுதி, குறிப்பிட்ட நாளுக்குள் எடுத்துச் செல்லாவிட்டால் அப்புறப்படுத்தி அதன் செலவைக் கோருவோம் என்று அஞ்சலில் அறிவிப்பு அனுப்புவதே சரியான வழி.

சத்துவாச்சாரி வாசி:

சாமான்கள் விஷயத்தில் ஐயா சொல்வதைப் பாதி ஏற்கிறேன். அறிவிப்பு அனுப்பலாம், வழக்குக்குப் போவது பயன் தராது என்றே நினைக்கிறேன். பழைய இரும்புக் கடைக்காரர் கட்டில்களை எடைக்கு எடுத்துக்கொள்வார். மெத்தைக்குத்தான் வண்டி வாடகை ஆகும். ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தில் இந்த அறையைப் பலமுறை காலி செய்துவிடலாம். மேலும், ஆழ்துளைக் கிணறு நிலத்தில் உள்ளது. நிலத்தோடு வந்தது நிலத்தை வாங்கியவருடையது.

ஆற்காட்டுப் பத்திர எழுத்தர்:

கிணறு அவருடையது என்பதில் ஐயமில்லை. அது அங்கே இருக்கிறது என்பதை மறைத்தது யார் என்பதே வழக்கு. 55-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: தனக்குத் தெரிந்தும், வாங்குகிறவருக்குத் தெரியாமலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் புலப்படாமலும் உள்ள முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லாமல் விடுவது மோசடிக்குச் சமம் என்று அந்தப் பிரிவின் இறுதியில் இருக்கிறது. மாடியில் நிற்கும் கொட்டகை எல்லார் கண்ணிலும் படும். அதற்கு இந்தப் பிரிவு உதவாது. வீடு பார்க்க வருகிற ஒருவர் துவைகல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சாதாரணக் கவனம் ஆகாது. கல்லைப் போட்டு மூடியவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் இருக்க வழியில்லை.

சத்துவாச்சாரி வாசி:

முக்கியமான குறை என்றால் வீட்டின் பயனையே கெடுப்பதாக இருக்க வேண்டும். பாலாற்றங்கரையில் வற்றிய ஆழ்துளைக் கிணறு இல்லாத தெரு எது? ஒன்று வற்றினால் பக்கத்தில் இன்னொன்றைப் போடுவது நம் ஊர் வழக்கம். இதைக் குறை என்றால் வேலூர் வீடுகளில் பாதிக்கு மேல் குறையுள்ளவையாகிவிடும்.

காட்பாடி வாசகி:

இதில் நான் குறுக்கிட்டே ஆக வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தையை இழந்தோம். தமிழ்நாடே தொலைக்காட்சியின் முன்னால் கண்ணீரோடு உட்கார்ந்திருந்த நாள்கள் அவை. அதற்கு முன்பே, 2010-இல், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளைக் களிமண், மணல், கற்கள் போன்றவற்றால் அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருந்தது. பலர் இப்படி விட்டுவைக்கிறார்கள் என்பதற்காக அது குறையில்லாமல் போய்விடாது. ஒரு பலகைக் கல்லை மட்டும் போட்டுவிட்டு, பிள்ளைகள் ஓடியாடும் பின்கட்டை விற்றவரின் செயலை வழக்கம் என்ற சொல்லால் மன்னிக்க என்னால் முடியாது.

தோட்டப்பாளையத்தார் அவர்களே, செலவு யாருடையது என்பது முடிவாகும்வரை அதைத் திறந்து வைத்திருக்க வேண்டாம். இன்றே கனமான இரும்பு மூடி போட்டுப் பற்றவைத்துவிடுங்கள்.

கொசப்பேட்டைக் கொத்தனார்:

கட்டட வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சில செய்திகள். கிணற்றை நிரப்புவதற்கு முன், அதை மழைநீர் சேகரிப்புக்குப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கலாம். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது; உங்கள் வீட்டில் அந்த அமைப்பு உருப்படியாக இல்லையென்றால், மாடித் தண்ணீரைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டும் தொட்டி வழியாக இந்தக் குழிக்குள் இறக்கலாம். வடிகட்டாமல் நேரடியாக விட்டால் நிலத்தடி நீர் கெடும். எப்படிச் செய்தாலும் மேல்மூடி பற்றவைத்ததாகவே இருக்க வேண்டும்.

கடப்பாக் கல் மேடைகளை உடைத்துவிடாதீர்கள். கல்லை முழுதாகப் பெயர்த்தால் அலமாரித் தட்டுக்கும், மாட்டுத் தொழுவத்துத் தீவன மேடைக்கும் கேட்டு வருவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளையும் அப்படியே முழுதாக இறக்கினால், கணியம்பாடிப் பக்கம் கொட்டகை போடுகிறவர்கள் காசு கொடுத்தே எடுத்துப்போவார்கள். அகற்றும் செலவுக்கு அதிலேயே ஈடு கிடைத்துவிடும்.

காட்பாடி வாசகி:

கல் மேடை பற்றிய யோசனை அருமை. ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் உடன்பட மாட்டேன். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம் வீட்டுக்கு வேண்டாம் என்று இறக்கியதை இன்னொரு குடும்பத்தின் தலைக்குமேல் ஏற்றுவதற்குப் பணமும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே பேசிக்கொண்டிருப்பதே வேண்டாத பொருளை அடுத்தவர்மேல் தள்ளிவிட்டுப் போவதைப் பற்றித்தான்.

கொசப்பேட்டைக் கொத்தனார்:

அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் உடையாத தகட்டைவிட உடைந்த தகடுதான் கேடு. தூசி பறப்பது உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான். நீங்கள் விற்காமல் உடைத்துத் தெருவோரம் கொட்டினால், அந்தத் தூசியைச் சுவாசிப்பவர் துப்புரவுப் பணியாளர். தகட்டின்மேல் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, துருப்பிடித்த கொக்கி போல்ட்டைத் திருக முடியாவிட்டால் போல்ட்டை மட்டும் வெட்டி, கயிறு கட்டித் தகட்டை மெதுவாக இறக்க வேண்டும். வேலையாள் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். சுத்தியலால் தட்டிக் கீழே தள்ளுகிறவர்களை வேலைக்கு வைக்க வேண்டாம். கொட்டகை உறுதியாக இருந்தால், வெடிப்புகளை அடைத்து வண்ணம் பூசி அப்படியே விட்டுவைப்பது இரண்டையும்விட நல்லது.

தோட்டப்பாளையத்தார்:

அதுவே எங்களுக்கும் பிடித்திருக்கிறது. இந்த ஊர் வெயிலுக்கு மாடியில் ஒரு நிழல் தேவைதான். கொட்டகையை விற்கவும் போவதில்லை, உடைக்கவும் போவதில்லை. பேட்டரிகளை என்ன செய்வது என்பதையும், மூன்று மின் இணைப்புகளில் எங்களுக்குத் தேவையில்லாத இரண்டை என்ன செய்வது என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்று.

ஆற்காட்டுப் பத்திர எழுத்தர்:

பேட்டரிகளை மற்றக் கழிவோடு சேர்க்காமல், சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ தனியாக ஒப்படைக்க வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின் ஏற்பாடு. ஈயப் பேட்டரிக்குக் கடைகளிலேயே விலையும் கிடைக்கும். அறிவிப்புக்குக் குறித்த நாள் கடந்த பிறகு கொடுங்கள். கிடைத்த தொகையைக் கணக்கில் காட்டி, கோரும் செலவிலிருந்து கழித்துவிடுங்கள்.

மின் இணைப்புகளில் எச்சரிக்கை வேண்டும். கிரயத் தேதிவரையுள்ள பொதுக் கட்டணங்களைச் செலுத்துவது விற்றவர் பொறுப்பு என்று 55-ஆம் பிரிவு சொன்னாலும், பழைய பாக்கியைச் செலுத்தினால்தான் புதிய உரிமையாளருக்கு இணைப்பு என்று மின்வாரியம் விதி வைத்திருந்தால் அது செல்லும் என்று 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே மூன்று இணைப்புகளுக்கும் பாக்கி இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே பெயர் மாற்றத்துக்கும் துண்டிப்புக்கும் மனுக் கொடுங்கள்.

இனி வீடு வாங்கப்போகிற வாசகர்களுக்காக, கிரய உடன்படிக்கையில் நான் சேர்த்து எழுதிவரும் வாசகத்தைத் தருகிறேன்: ‘சொத்தில் உள்ள அசையும் பொருள்கள் அனைத்தையும், இணைப்புப் பட்டியலில் அகற்றப்பட வேண்டியவை எனக் கண்டுள்ள அமைப்புகளையும், கிரயத் தேதிக்கு முன்பாக எழுதிக் கொடுப்பவர் தம் செலவில் அகற்றி, பூட்டிய அறை எதுவும் இன்றிச் சொத்தைக் காலியாக ஒப்படைக்க வேண்டியது, தவறினால் அகற்றும் செலவை எழுதி வாங்குபவர் மீதத் தொகையில் பிடித்தம் செய்துகொள்ள வேண்டியது.’ மீதத் தொகை கையில் இருக்கும்வரைதான் இந்த வாசகத்துக்கு வலு.

சத்துவாச்சாரி வாசி:

இந்த வாசகத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்; விற்பவருக்கும் அது நல்லது, எதை எடுக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்துவிடும். உடன்படிக்கையில் அப்படி எழுதாத இந்த வழக்கில், பூட்டிய அறைச் சாமான்களுக்கான செலவை விற்றவர் தருவதே நியாயம் என்பதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன். சாவி இல்லை என்று சொல்லிக் காட்டாமல் விட்டது சரியன்று. கிணற்றை மூடும் செலவு மட்டும் வாங்கியவருடையது என்பதில் என் கருத்து மாறவில்லை.

தோட்டப்பாளையத்தார்:

கிணற்றுக்கு இன்று காலை இரும்பு மூடி பற்றவைத்தாயிற்று. அறைச் சாமான்களுக்கும் கிணற்றுக்கும் தனித்தனியே இரண்டு அறிவிப்புகள் எழுதுகிறேன். ஒன்றைப் பற்றிய வாதம் மற்றொன்றைத் தாமதப்படுத்தக் கூடாது. விற்றவரின் பதில் வந்ததும் இங்கேயே தெரிவிக்கிறேன்.