குர்குமினைக் குடல் செல்களில் சோதிக்கிறேன், செல் கல்ச்சர் அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். செல் கல்ச்சர் லேபில் வேலை பார்த்த அக்கா, அண்ணன்மார் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

எம்.எஸ்சி. பயோடெக் புராஜெக்டுக்காக, மஞ்சளில் உள்ள குர்குமின் குடல் செல்களை என்ன செய்கிறது என்று பார்க்கிறேன். எடுத்திருப்பது கேக்கோ-2 செல்கள் (மனிதப் பெருங்குடல் புற்றிலிருந்து வந்த, லேபில் வளர்க்கும் செல்கள்). கிராம் கணக்கில் விழுங்கினாலும் குர்குமின் ரத்தத்தில் மிகக் கொஞ்சமாகத்தான் சேரும், குடல் சுவரோ அதை நேராகச் சந்திக்கிறது. அதனால்தான் இந்தத் தேர்வு.

இப்போது நான் நிற்கும் இடம் இது. சீரம் (செல் வளர்க்கச் சேர்க்கும் ரத்த நீர்) இல்லாத, பி.எச். 7.2 உள்ள பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) 37 டிகிரியில் வைத்தால், அரை மணி நேரத்தில் குர்குமின் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடுகிறது. 24 மணி நேரம் கழித்து செல் செத்தால், கொன்றது குர்குமினா, அதன் சிதைவுப் பொருளா? சீரம் சேர்த்தால் நிலைக்கும், ஆனால் சீரத்தில் உள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எத்தனை சதவீதம் சீரம் வைத்தீர்கள்? செல் வளரும் திரவமான மீடியாவை நடுவில் மாற்றினீர்களா?

உயிருள்ள செல்களை நிறமாற்றத்தால் அளக்கும் எம்.டி.டி. (MTT) சோதனையிலும் சந்தேகம். குர்குமினுக்குச் சொந்த நிறமும் ஒளிர்வும் உண்டு. தட்டில் செல்லே இல்லாத குழிகளிலும் குர்குமினைப் போட்டு அளவைக் கழித்தால் போதுமா, செல் புரதத்துக்குச் சாயமேற்றி அளக்கும் எஸ்.ஆர்.பி. (SRB) முறைக்கே மாறிவிடலாமா?

இன்னொன்று. 1998-இல் பெங்களூரில் செய்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைபரினை 20 மில்லிகிராம் கொடுத்தபோது, மனிதர்களில் உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கானது. நம் சமையலில் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே வருவதால் பைபரினையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. கேக்கோ-2-இல் பைபரின் போட்டவர்கள், செல்லைக் கெடுக்காத அளவு எவ்வளவு என்று சொன்னால் பெரிய உதவி.