பால் மார்ஃபியின் ஆட்டங்களை எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: 1837இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அமெரிக்கச் சதுரங்க வீரர் மார்ஃபியின் ஆட்டங்களைப் படிக்க விரும்புகிறேன். எதை முதலில் பார்க்கலாம்? புகழின் உச்சியில் இருந்தவர் ஏன் சதுரங்கத்தைக் கைவிட்டார்?

பதில் 1: 1858இல் பாரிஸ் இசைநாடக அரங்கில் பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் சேர்ந்து அவரை எதிர்த்த ஆட்டத்தைப் பாருங்கள். 16ஆம் நகர்த்தலில் ராணியையே பலி கொடுத்து, அடுத்ததில் மந்திரியின் துணையோடு யானையால் ராஜாவை முடக்குகிறார். அப்போதும் கறுப்புக் காய்களுடன் ஆடிய எதிரிகளின் ராஜா பக்கத்து மந்திரியும் யானையும் தொடக்கக் கட்டங்களிலேயே நிற்கின்றன. காய்களை விரைந்து களமிறக்குவதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது.

பதில் 2: அழகான ஆட்டம்தான், ஆனால் எதிரிகள் வலுவற்றவர்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மானிய வீரர் ஆண்டர்சனை 7 வெற்றி, 2 தோல்வி, 2 சமன் என வீழ்த்திய போட்டியையும் அவசியம் படியுங்கள்.

பதில் 3: சட்டம் படித்த அவர் சதுரங்கத்தைத் தொழிலாகக் கருத விரும்பவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் வழக்கறிஞர் தொழிலும் கைகூடவில்லை. மனநலம் குன்றி, 1884இல் 47 வயதில் மறைந்தார்.