பழைய சர்க்கஸ் படங்களில் இருப்பவர்கள் யார்? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. தலச்சேரியில் ஒரு பழைய புத்தகக் கடையில் சர்க்கஸ் நோட்டீஸ்களும் கறுப்பு வெள்ளைப் படங்களும் சேர்ந்த ஒரு கட்டு கிடைத்தது. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஊர் அது. கயிற்றின்மேல் துள்ளிக் குட்டிக்கரணம் அடித்து, அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் வரை போன கண்ணன் பொம்பாயோவும் அந்த ஊர்க்காரர்தான்.

சில நோட்டீஸ்களில் ஜெமினி சர்க்கஸ் பெயர் இருக்கிறது, ஆண்டு இல்லை. ஜெமினி தொடங்கியது 1951-இல் என்பதால் அதற்கு முந்தியவை இல்லை, அவ்வளவுதான் தெரிகிறது. ஆனால் படங்கள்தான் மனதை அரிக்கின்றன. அந்தரத்தில் தொங்கும் பாரைப் பிடித்து ஆடும் பெண்கள், ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு சிறுமி. ஒருவர் பெயரும் எழுதியில்லை. முதலாளிகளின் பெயர் நிலைத்துவிட்டது, உயிரைப் பணயம் வைத்தவர்களின் பெயரும் நிலைக்க வேண்டாமா?

தலச்சேரி, கண்ணூர் பக்கம் ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களை யாருக்காவது தெரியுமா? நேரில் போய்ப் படங்களைக் காட்டிக் கேட்க ஆசை. அப்புறம், இரண்டு படங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரில் ஊறவைத்தால் பிரியும் என்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். அதுவரை கைவைக்க மாட்டேன்.