பாயிண்ட் ரேட் இருக்கும்வரை சைட்டில் மின்வேலை உருப்படாது: ஒத்துக்கொள்கிறீர்களா?

மின்சூப்பர்வைசர்_கோவை

அபார்ட்மென்ட் சைட்டுகளில் எலக்ட்ரிகல் ஆட்களை வைத்து வேலை வாங்கும் சூப்பர்வைசர் நான். நேராகவே சொல்கிறேன், மறுப்பவர்கள் வரட்டும், பேசுவோம். பாயிண்டுக்கு இவ்வளவு என்று லேபர் ரேட் பேசி ஒயரிங்கை விடும் வழக்கம் ஒழிய வேண்டும். லைட் பாயிண்ட், ஃபேன் பாயிண்ட், 6 ஆம்பியர் பிளக், 16 ஆம்பியர் பவர் பிளக் என்று எண்ணி எண்ணிக் காசு கொடுத்தால் எண்ண முடிகிற வேலை மட்டும்தான் நடக்கும். எண்ணிக்கையில் வராத வேலைதான் இந்தத் தொழிலில் பாதி. பைப் ஜாயிண்டில் சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவத் தனிக் காசு கிடையாது. லைட் சர்க்யூட்டிலும் எர்த் ஒயரைச் சேர்த்து இழுக்கக் கிடையாது. முடித்துவிட்டு மெக்கர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டுப் பார்க்கவும் கிடையாது.

ஸ்லாப் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் அடித்து, அடிக்கம்பி கட்டி எங்களை மேலே விடும்போது சாயங்காலம் ஆகிவிடும். மறுநாள் விடியற்காலை காங்கிரீட். அந்த இடைவெளிக்குள் ஃபேன் பாக்ஸும் டீப் பாக்ஸும் வைத்து, பைப் ஓட்டி, பாக்ஸுக்குள் காகிதம் அடைத்து டேப் சுற்றி, சுவருக்கு இறங்கும் பைப்பைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பாயிண்டுக்கு வந்தவர் நீளமாக வளையும் பெண்டு போட வேண்டிய இடத்தில் சட்டென்று திரும்பும் எல்போவைச் செருகிவிட்டு அடுத்த ஃபிளாட்டுக்குப் போய்விடுகிறார். காங்கிரீட் அன்று வைப்ரேட்டர் ஊசி பட்டு, ஒட்டாத ஜாயிண்ட் கழன்று, சிமெண்ட் பால் உள்ளே இறங்கிவிடும். அது தெரிய வருவது பூச்சு முடிந்து ஒயர் இழுக்கும் அன்றைக்கு, அதற்காகப் பைப்புக்குள் விடும் ஸ்பிரிங் பாதியில் நிற்கும்போது. அதற்குள் பைப் போட்டவர் வேறு ஊரில் வேறு சைட்டில் இருப்பார், ஸ்லாபைக் கொத்துகிறவர் இன்னொருவர்.

நாள் கூலிக்கோ மாதச் சம்பளத்துக்கோ ஆள் வைத்தால் மட்டும்தான் இது திருந்தும்.

சேலம்_கான்ட்ராக்டர்

அண்ணே, நீங்கள் சொன்ன ஸ்லாப் கதையில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. தீர்வு மட்டும் தப்பு. பில்டர் எனக்குக் கொடுக்கிற ஆர்டரே பாயிண்ட் கணக்கில்தான் வருகிறது. அவர் பாயிண்டுக்குக் கொடுத்து நான் நாள் கூலிக்கு ஆள் வைத்தால் நடுவில் நசுங்குவது நான்தான். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறேன், ரெடிமிக்ஸ் லாரி வரவில்லை என்று காங்கிரீட் தள்ளிப்போகிறது. கம்பி கட்டுபவர்கள் முடிக்கவில்லை என்று இன்னொரு நாள். மழை என்று இன்னொரு நாள். அந்த ஆறு பேர் ஷெட்டில் உட்கார்ந்திருக்கும் நாளுக்குச் சம்பளம் யார் கணக்கில் எழுதுவது?

இன்னொன்று, ரேட் முறையை விட மோசமானது மூன்று பிளாக்குக்கு ஒரே சூப்பர்வைசர் போடுவது. ஒரு ஸ்லாபில் அவர் நிற்கும்போது மற்ற இரண்டிலும் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பைப் மூடுவதற்கு முன்னால் ஒரு கண் பார்த்துவிட்டால் பாயிண்ட் ஆள் செய்தாலும் வேலை நன்றாகத்தான் இருக்கும்.

ஒயர்மேன்_தேனி

சூப்பர்வைசர் சார், உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். அதனால் நாள் கூலி உங்கள் கண்ணுக்கு நியாயமாகத் தெரிகிறது. நான் பதினெட்டு வயதில், பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்ட வந்தவன். சுத்தியலும் உளியுமாகச் செங்கல் சுவரைக் கொத்தித்தான் தொழில் கற்றேன், கட்டிங் மெஷின் எல்லாம் பிறகு வந்தது. நாள் கூலியில் இருந்தவரை, வேலை நன்றாகத் தெரிந்த எனக்கும் நேற்று வந்தவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாயிண்டுக்கு மாறிய பிறகுதான் என் கை வேகத்துக்குக் காசு வந்தது. தம்பிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு செய்கிறேன். அவர்களுக்கும் தொழில் கற்றுக் கொடுத்தாயிற்று.

ஒழிக்க வேண்டியது ரேட்டை இல்லை, பில் போடும்போது நடக்கும் அநியாயத்தை. படிக்கட்டு லைட்டுக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். இரண்டு பாக்ஸ், இரண்டு இறக்கம், கூடுதல் ஒயர். எண்ணும்போது "ஒரு லைட்டுதானே" என்று ஒரு பாயிண்ட் போடுவார்கள். டிவி பேனலில் ஐந்து சாக்கெட் இருந்தால் "லூப்தானே" என்று சொல்லி இரண்டாக்குவார்கள். காடி வெட்டி, பாக்ஸ் பதித்து, கலவை பூசி முடித்த பிறகு வீட்டுக்காரர் வந்து கட்டிலை அந்தப் பக்கம் போடுகிறேன் என்பார். மறுபடி வெட்டு. அதற்குக் காசு கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற பதில்தான். இப்படி அட்ஜஸ்ட் செய்த காசை நாங்கள் எங்கே பிடிக்க முடியும்? நீங்கள் சொன்ன சொல்யூஷனிலும் பெண்டிலும்தான் பிடிக்கிறார்கள் ஆட்கள். நான் செய்வதில்லை, ஆனால் ஏன் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

டெஸ்டிங்_பொறியாளர்

வீடு ஒப்படைக்கும் முன் சோதனை செய்யும் வேலை என்னுடையது. நான் சூப்பர்வைசர் பக்கம். காரணத்தையும் சொல்கிறேன்.

பாயிண்ட் ரேட்டில் செய்த வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது நியூட்ரல் கலப்பு. ஹால் சர்க்யூட்டின் லைட்டுக்கு, பக்கத்து பாக்ஸில் இருக்கிறதே என்று படுக்கையறை சர்க்யூட்டின் நியூட்ரலை எடுத்துவிடுகிறார்கள். ஒயர் மிச்சம், நேரம் மிச்சம். லைட்டும் எரியும், அன்றைக்கு யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. டிபியில் (சர்க்யூட்டுகள் பிரியும் பெட்டியில்) இரண்டு அறைக்கும் தனித்தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டி லோடு போட்டதும் தெரியும். ஃபேஸில் போன கரண்ட் அதே ஆர்சிசிபியின் நியூட்ரல் வழியாகத் திரும்பவில்லை என்றால் அது லீக்கேஜ் என்றுதான் எடுத்துக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் போதும், விழுந்துவிடும். அந்த ஒரு கலப்பு எந்த பாக்ஸில் இருக்கிறது என்று தேட ஒரு நாள் முழுக்கப் போகும். வீட்டுக்காரருக்குப் பொறுமை இருக்காது, "முன்பு நன்றாகத்தானே இருந்தது" என்று யாரையாவது கூட்டி வந்து ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிடுவார். உயிரைக் காக்க வைத்த ஒரே பொருள் அதோடு போயிற்று.

டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது, எல்லாம் சரி என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பட்டன் ஆர்சிசிபியின் இயக்கத்தை மட்டும்தான் சோதிக்கும். எர்த் ஒயர் சாக்கெட் வரைக்கும் வந்திருக்கிறதா என்று அது சொல்லாது. அதை ஒவ்வொரு சாக்கெட்டிலும் தனியாகப் பார்க்க வேண்டும், 500 வோல்ட் மெக்கரும் தனியாகப் போட வேண்டும். இதற்கான நேரம் எந்தப் பாயிண்டுக்குள்ளும் இல்லை.

சிவில்_இன்ஜினியர்_ஓஎம்ஆர்

எல்லோரும் சிவில்காரனைத் திட்டுவதற்கு முன் நானே வந்துவிடுகிறேன். எங்களுக்கு ஸ்லாப் சைக்கிள் என்று ஒன்று உண்டு. ஒரு நாள் தள்ளினால் மேலே உள்ள அத்தனை மாடியும் தள்ளும். பாயிண்ட் ரேட் ஆள் ராத்திரி லைட் போட்டுக்கொண்டாவது முடித்துக் கொடுக்கிறார். நாள் கூலி ஆள் ஆறு மணிக்குக் கைகால் கழுவிவிடுகிறார். நீங்கள் சொல்லும் முறைக்கு மாறினால் யார் தாமதத்துக்குப் பதில் சொல்வது?

கட்டுமான வேலைக்காக சைட்டில் எடுக்கும் டெம்பரரி சப்ளையும் ஒரு பெரிய தலைவலி. மழை நேரத்தில் காங்கிரீட் பாதியில் இருக்கும்போது ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது. வைப்ரேட்டர் நின்றால் காங்கிரீட்டில் ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடு விழும், பழைய காங்கிரீட்டோடு புதியது ஒட்டாமல் கோல்ட் ஜாயிண்ட் வரும். அந்த நேரத்தில் எலக்ட்ரீஷியனைத் தேடினால் அவர் ஆறாவது மாடியில் காடி வெட்டிக்கொண்டிருப்பார், கூப்பிட்டால் "என் பாயிண்ட் கெடும் சார்" என்பார்.

மின்சூப்பர்வைசர்_கோவை

சார், நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். டெம்பரரி சப்ளை பராமரிப்பு எந்தப் பாயிண்டிலும் வராது. அதனால் அதற்கு ஆளே கிடையாது. சைட்டில் ஷாக் அடிப்பது பெரும்பாலும் அங்கேதான். பிளக் இல்லாத ஒயரை உரித்து, சாக்கெட் ஓட்டையில் குச்சி வைத்து அடைத்திருப்பார்கள். ஜாயிண்ட் தண்ணீரில் கிடக்கும். கட்டிங் மெஷின்காரர் செருப்பில்லாமல் நிற்பார்.

ஆர்சிசிபி விழுகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. முழு சைட்டுக்கும் தலையில் ஒரே ஒரு 30 மில்லி ஆம்பியர் வைத்தால் பத்து மெஷினின் சின்னச் சின்ன லீக்கேஜ் சேர்ந்து அதைத் தள்ளத்தான் செய்யும். மெயினில் 300 மில்லி ஆம்பியர், கொஞ்சம் தாமதமாக விழும் வகை. ஒவ்வொரு அவுட்லெட்டுக்கும் தனி 30 மில்லி ஆம்பியர். தண்ணீர் புகாத இண்டஸ்ட்ரியல் பிளக், கயிறு மாதிரி முறுக்கிய ஒயருக்குப் பதில் ரப்பர் கேபிள், தரையில் போடாமல் கம்பத்தில் தூக்கிக் கட்டுவது. இப்படிச் செய்தால் ஒரு மெஷின் கெட்டால் அந்த மெஷின் மட்டும்தான் நிற்கும், உங்கள் வைப்ரேட்டர் ஓடும். இதைத் தினமும் காலையில் சுற்றிப் பார்க்க ஒருவர் வேண்டும். அவருக்குப் பாயிண்ட் போட முடியுமா?

துபாய்_திரும்பியவன்

அங்கே மாதச் சம்பளம்தான், ஆனால் வேலை நன்றாக வந்ததற்குக் காரணம் சம்பள முறை என்று நான் நினைக்கவில்லை. ஸ்லாப் பைப் முடிந்ததும் இன்ஸ்பெக்ஷன் ரிக்வெஸ்ட் போட வேண்டும். கன்சல்டன்ட் ஆள் மேலே ஏறி வந்து, டிராயிங்கை விரித்து, ஒவ்வொரு பாக்ஸாக அளந்து பார்ப்பார். அவர் கையெழுத்து இல்லாமல் காங்கிரீட் கிடையாது. சிவில் ஃபோர்மேன் கத்தினாலும் கிடையாது. இங்கேயும் போர் கார்டு (pour card, காங்கிரீட் போடும் முன் கையெழுத்து வாங்கும் தாள்) என்று ஒன்று பல சைட்டில் இருக்கிறது. அதில் எலக்ட்ரிகல் கட்டத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள். மேலே ஏறாமலே போடுகிறார்கள், சில சமயம் காங்கிரீட் முடிந்த பிறகு போடுகிறார்கள். அந்தக் கையெழுத்தைச் சரி செய்தால் ரேட் எதுவாக இருந்தாலும் கவலை இல்லை.

சேலம்_கான்ட்ராக்டர்

இதைத்தான் நானும் சொல்கிறேன். நன்றி தம்பி.

மின்சூப்பர்வைசர்_கோவை

கையெழுத்து மட்டும் போதாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகளும் அதற்கு முன்பிருந்த 2010 விதிகளும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் செய்ய வேண்டும், தகுதிச் சான்று உள்ள சூப்பர்வைசரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும், வேலை செய்பவரிடமும் அனுமதிச் சான்று இருக்க வேண்டும். பாயிண்ட் ரேட்டில் விடும்போது உரிமம் ஒருவருடையது, வேலை செய்வது அவருக்குக் கீழே மூன்றாவது கை. கான்ட்ராக்டர் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்களைச் சொல்லவில்லை.

ஒயர்மேன்_தேனி

சான்றிதழ் பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஒயர்மேன் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத 21 வயது ஆகியிருக்க வேண்டும், 5 வருட அனுபவம் காட்ட வேண்டும். என் தம்பிகள் இரண்டு பேருக்கும் அனுபவம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் அனுபவச் சான்று கேட்டுப் போனால் "நீங்கள் என் மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) இல்லையே" என்கிறார்கள். பாயிண்டுக்கு வேலை செய்தவன் எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது. வேலை வாங்கும்போது எங்கள் ஆள், லெட்டர் கேட்கும்போது வெளியாள்.

டெஸ்டிங்_பொறியாளர்

தம்பி, நீங்கள் இப்போது சொன்னதுதான் பாயிண்ட் ரேட்டுக்கு எதிராக இங்கே வந்ததிலேயே பலமான வாதம். மஸ்டரில் பெயர் இருந்தால் சான்று கிடைக்கும், விபத்து நடந்தால் இழப்பீடு கேட்கவும் ஆதாரம் இருக்கும்.

ஒயர்மேன்_தேனி

மஸ்டரில் பெயர் வேண்டும், அது சரி மேடம். அதற்காகக் கூலியைப் பாதியாக்கிக்கொள்ள முடியாது. பெயரையும் எழுதுங்கள், ரேட்டையும் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி. பாயிண்டுக்குச் செய்பவன் பெயரை ரிஜிஸ்டரில் எழுதக் கூடாது என்று சட்டம் சொல்கிறதா?

சேலம்_கான்ட்ராக்டர்

சொல்லவில்லை. எழுதினால் பிஎஃப், இஎஸ்ஐ என்று அடுத்தடுத்து வரும், அதனால் எழுதுவதில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த சைட்டுக்கு நான் ஒன்று யோசித்திருக்கிறேன். ஸ்லாபும் டெம்பரரி சப்ளையும் நாள் கூலி. காடி, ஒயர் இழுப்பு, சுவிட்ச் பொருத்துவது பாயிண்ட். மெக்கரும் எர்த் சோதனையும் ஃபிளாட்டுக்கு இவ்வளவு என்று தனி ரேட், ரிசல்ட் தாளைக் கொடுத்தால்தான் கடைசி பில்.

சிவில்_இன்ஜினியர்_ஓஎம்ஆர்

ஸ்லாப் நாள் கூலிக்கு நான் மேலே பேசிப் பார்க்கலாம், கொத்திச் சரிசெய்யும் செலவைக் காட்டினால் கேட்பார்கள். டெம்பரரி சப்ளைக்குத் தனி ஆள் என்றால் "ஒப்பந்தத்தில் இல்லை" என்ற பதில்தான் வரும். டெண்டரிலேயே அது ஒரு ஐட்டமாக இருக்க வேண்டும். பாதியில் நுழைக்க முடியாது.

மின்சூப்பர்வைசர்_கோவை

அண்ணே, பாதி தூரம் வந்துவிட்டீர்கள், சந்தோஷம். ஒயர் இழுப்பைப் பாயிண்டில் விட்டால் நியூட்ரல் கலப்பு தீராது. சோதனைக்குத் தனி ரேட் கொடுத்தாலும், ஒயரை இழுத்த அதே குழு தானே சோதித்துத் தாள் கொடுத்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. சோதிப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். அது நடக்கும்வரை நான் என் பேச்சை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஒயர்மேன்_தேனி

வேறு ஆள் வந்து சோதிக்கட்டும், எனக்குப் பயமில்லை. கான்ட்ராக்டர் அண்ணே, உங்கள் கணக்கில் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. காங்கிரீட் தள்ளிப்போகிற நாளுக்கு அரை நாள் கூலியாவது உண்டா? பாக்ஸ் பதித்த பிறகு பிளான் மாற்றினால் அது புதுப் பாயிண்டா, பழைய பாயிண்டா?

சேலம்_கான்ட்ராக்டர்

பிளான் மாற்றினால் புதுப் பாயிண்ட், எழுதியே தருகிறேன். தள்ளிப்போகிற நாளுக்கு பில்டர் எனக்குக் கொடுத்தால் நான் உங்களுக்குக் கொடுப்பேன். என் கையிலிருந்து முடியாது தம்பி.